வடிவு பாலம்

இந்தப் பக்கத்துக் காத்துல தார் வாசம் கலக்காத காலம் அது. குருவிச்சான்பட்டி, குருவிச்சான்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊருல பேராச்சி, பேராச்சின்னு ஒருத்தி இருந்தாளாம்.

பேராச்சியைச் சொல்லணும்னா முதல்ல ரோட்டைச் சொல்லணும். இன்னைக்கு நீங்க பஸ்ஸுல போற இந்த நெடுஞ்சாலைக்கு அப்போ நம்பரும் கிடையாது, மைல்கல்லும் கிடையாது. மேற்கே மலையடிவாரத்துல இருந்து கிழக்கே உப்பளம் வரைக்கும் ஒரு வண்டித்தடம் கிடந்துச்சு, அவ்வளவுதான். கிழக்கே இருந்து உப்பு வரும். மேற்கே இருந்து புளியும் மிளகாயும் போகும். மாடு தண்ணி குடிக்க நின்ன இடத்துல எல்லாம் ஒரு ஊரு முளைச்சுச்சாம். அதனாலதான் இந்த ரோடு இன்னைக்கும் நேரா ஓடாது. ஒரு குளத்துக்கு வளையும், ஒரு கிணத்துக்கு வளையும், அப்போ எல்லாம் ஓடி வந்து செவக்காட்டாத்துக்கிட்ட நின்னுரும்.

செவக்காட்டாறு பேருக்குத்தான் ஆறு. வருசத்துல முக்கால்வாசி நாளு மணலு. மணல்ல சக்கரம் புதையும். மாடு நுரை தள்ளும். மேற்கே மலையில மழை பெஞ்சுட்டா அது பொல்லாத ஆறு. இங்க வெயில் காயும்போதே அங்க இருந்து தண்ணி வரும். சொல்லாமக் கொள்ளாம வரும். அப்புறம் இந்தக் கரை வண்டி இந்தக் கரையில, அந்தக் கரை வண்டி அந்தக் கரையில. சோறாக்கித் தின்னுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

அப்படி இருக்கையில பஞ்சம் வந்துச்சாம். கம்பு இல்லை, சோளம் இல்லை, மாட்டுக்கு வைக்கோல் இல்லை. சனம் கத்தாழைக் கிழங்கைத் தோண்டி அவிச்சுத் தின்ன காலம்னு சொல்வாங்க. சர்க்காரு பார்த்துச்சு. சனத்துக்கு வேலையும் குடுத்த மாதிரி ஆச்சு, ரோடும் போட்ட மாதிரி ஆச்சுன்னு, தடத்து மேல கல்லைக் கொட்டி கப்பி ரோடாக்கச் சொல்லிருச்சு. மண்ணு சுமந்தா, கல்லு உடைச்சா, கூலி தானியம்.

பேராச்சி புருசன் பேரு சங்கிலி. அவன்தான் அந்த ஊருல இருந்து ரோட்டு வேலைக்குப் போன முதல் ஆளு. மலையடிவாரத்துல இருந்து ரோடு கிழக்கே நகர்ந்து வர வர, அவனும் கூடவே நகர்ந்து வந்தான். கடைசியில ஊருக்குப் பக்கத்துல ஓடுற செவக்காட்டாத்துக்கு வந்து சேர்ந்தாங்க. இனிமே பாலம் கட்டணும். மேஸ்திரி குமாரவேலுன்னு ஒருத்தரு, தெக்கத்தி ஆளு. அதிகம் பேச மாட்டாராம். அவரு தூணுக்குக் குழி எடுத்தாரு. குழி சரிஞ்சுச்சு. மறுபடி எடுத்து, கல்லு அடுக்கி, தூணைப் பாதி எழுப்புனாரு. தூணும் சரிஞ்சுச்சு.

தூணு சரிஞ்சதும் ஊரு வாய் திறந்துச்சு.

பேராச்சி தண்ணிக்குப் போன இடத்துல மாடத்தி பிடிச்சுக்கிட்டா. பக்கத்து வீட்டுக்காரி. வாயி கொஞ்சம் நீளம்.

"ஏட்டி பேராச்சி, ஊரே வயித்துல ஈரத்துணி போட்டுக் கிடக்கு. உன் புருசன் மட்டும் ஏப்பம் விடுதானாமே?"

"அவரு மண்ணு சுமக்காரு. உன் வீட்டுக்காரரு ஆலமரத்தடியில படுத்துக்கிட்டு காத்தைச் சுமக்காரு. ஏப்பம் எங்க இருந்து வரும்?"

கூட நின்ன பொம்பளைங்க சிரிச்சாங்க. மாடத்தி சிரிக்கலை. குடத்தைக் கீழே வச்சா.

"சிரி, சிரி. தூணு எதுக்குச் சரியுதுன்னு கேட்டியா உன் புருசன்கிட்ட?"

"மணலு இளகிப் போச்சாம்."

"மணலா? அடிப்பாவி. அடியில கிடக்கிறது பசியோட கிடக்கு. பாலம் தலைச்சன் பிள்ளை கேக்கு. கிழக்கே ஒரு பாலத்துக்கு அப்படித்தான் ஒரு பிள்ளையைப் பிடிச்சு உள்ள வச்சுக் கட்டிட்டாங்களாம். எப்படிப் பிடிச்சாங்க தெரியுமா? அது தாயி குரல்லயே கூப்பிட்டாங்களாம். 'ஏ ராசா, வாய்யா, அம்மா வந்திருக்கேன்'னு. பிள்ளை 'என்னம்மா'ன்னு குரல் குடுத்துச்சு. குரல் குடுத்தா உசுரு அவங்க கைக்குப் போயிருமாம்."

பேராச்சி குடத்தைத் தூக்கிக்கிட்டு நடந்தா. மாடத்தி பொல்லாதவ இல்லை. அவ காதுக்கு வந்ததை அவ சொன்னா. அவ காதுல போட்டவங்களுக்கும் யாரோ சொன்னாங்க. அப்படித்தான் அந்தப் பேச்சும் உப்பு வண்டி மாதிரி ஊரு ஊரா அதே தடத்துல வந்து சேர்ந்துச்சு.

பேராச்சிக்கு ஒரே மக. வடிவு. முன்பல்லு விழுந்து, பேசினா காத்து போற வயசு. கருப்பா, ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா இருக்குமாம். சொன்ன பேச்சு கேக்கிற பிள்ளை. 'இங்கயே நில்லு'ன்னு சொல்லிட்டுப் போனா, நிழலு நகர்ந்து வெயிலு வந்தாலும் அங்கயே நிக்குமாம். ஊருல அதை மெச்சாத ஆளு இல்லை. தாயி சொல்லைத் தட்டாத பிள்ளைன்னு மத்த பிள்ளைங்களை அடிக்கும்போதெல்லாம் வடிவைக் காட்டித்தான் அடிப்பாங்களாம்.

ஒரு நாளு பொழுது சாயும்போது சங்கிலி வேலையில இருந்து வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. துண்டுக்குள்ள என்னமோ பொதிஞ்சு கொண்டு வந்தான். பிரிச்சா, சிவப்புப் பாவாடை. புதுசு. பஞ்ச காலத்துல யாரு வீட்டுல புதுத்துணி? பேராச்சிக்கு அதைத் தொடவே கை வரலை.

"எங்க இருந்து?"

"மேஸ்திரி வாங்கிக் குடுத்தாரு. நாளைக்குத் தூணுக்குப் புதுசா கல்லு வைக்காங்க. அதுக்குத் தலைச்சன் பிள்ளை வேணும்னாரு. நம்ம வடிவைக் கூட்டியாறேன்னு நான் சொல்லிட்டேன்."

கேட்டீங்களா? அவன் சொன்னது இவ்வளவுதான். கல்லு வேலைக்காரங்ககிட்ட அப்படி ஒரு வழக்கம் இருந்துச்சாம். முதல் கல்லு வைக்கும்போது ஒரு தலைச்சன் பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுத்துணி கட்டி, அது கையால மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொல்வாங்க. தெளிச்சதும் பிள்ளை கையில வெல்லமும் தேங்காயும் குடுத்து அனுப்பிருவாங்க. சங்கிலி எத்தனையோ இடத்துல பார்த்திருக்கான். அவனுக்கு அது சாதாரணம். சாதாரணம்கிறதால அவன் விவரம் சொல்லலை.

பேராச்சி காதுல விழுந்தது தலைச்சன் பிள்ளை. கண்ணுல பட்டது சிவப்புத் துணி. கிடாவுக்கு மஞ்சள் பூசி மாலை போடுறதை அவ பார்த்திருக்கா.

"வேற பிள்ளை கிடைக்கலையா?"ன்னு கேட்டா.

"ஏன், என் பிள்ளைக்கு என்ன குறைச்சல்?"ன்னு சங்கிலி சிரிச்சானாம். "காலையில நான் வெள்ளென போகணும். பொழுது ஏறினதும் வந்து கூட்டிக்கிடுதேன். குளிப்பாட்டி, பாவாடை கட்டி வை."

அந்த நேரத்துல ஒரு வார்த்தை அவ கேட்டிருக்கலாம். 'என் பிள்ளையை என்ன செய்யப் போறீங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை. கேக்கலை. கேட்டா அவன் உசாராயிருவான்னு நினைச்சா. அவனும் அவ முகத்தைப் பார்த்து 'என்னட்டி'ன்னு கேட்டிருக்கலாம். அவனும் கேக்கலை. வடிவு பாவாடையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டே தூங்கிப் போச்சு.

விடிஞ்சதும் சங்கிலி போயிட்டான். பேராச்சி எந்திரிச்சா.

அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு குலுக்கை உண்டு. தானியம் கொட்டி வைக்க மண்ணால செஞ்ச கூடு. ஆளு உயரம் இருக்கும். மேல வட்டமா ஒரு வாயி, அதுக்கு ஒரு மண்மூடி. கீழே கை நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை. தானியத்தை அந்தக் கீழ்வாயி வழியாத்தான் எடுப்பாங்க. எடுத்ததும் துணி வச்சு அடைச்சிருவாங்க. பஞ்சத்துல பேராச்சி வீட்டுக் குலுக்கை காலி.

பிள்ளையைத் தூக்கி அதுக்குள்ள இறக்கினா. பழைய சேலையை அடியில விரிச்சுக் குடுத்தா. வறுத்த புளியங்கொட்டை ஒரு கை அள்ளிக் குடுத்தா.

"யம்மா, பாவாடை?"

"வந்து கட்டிவிடுதேன். இப்ப நான் சொல்லுததை நல்லாக் கேளு. யாரு கூப்பிட்டாலும் பேசப்படாது."

"மாடத்தி சித்தி கூப்பிட்டா?"

"பேசப்படாது."

"யப்பா கூப்பிட்டா?"

"யப்பா கூப்பிட்டாலும் பேசப்படாது."

"நீ கூப்பிட்டா?"

பேராச்சி கொஞ்சம் யோசிச்சாளாம். மாடத்தி சொன்னது மனசுல ஓடுச்சு. தாயி குரல்லயே கூப்பிடுவாங்க.

"நான் கூப்பிட்ட மாதிரி கேட்டாலும் பேசப்படாது. நான் வந்தா மூடியைத் திறந்து உன் மூக்கைத் தொடுவேன். அப்பத்தான் பேசணும்."

"சரிம்மா"ன்னு சொல்லுச்சு வடிவு.

மூடியைப் போட்டா. எப்பவும் போல மூடி விளிம்பைச் சாணியால மெழுகினா. மெழுகலைன்னா திறந்தது தெரிஞ்சிரும். அந்தத் தடம் தெரியாம இருக்க வீடு முழுக்கவும் சேர்த்து மெழுகிவிட்டா. பிள்ளைக்குக் காத்து வேணுமேன்னு கீழ்வாயில இருந்த துணியை உருவிப் போட்டா. அதை மறக்கலை அவ. அதை மறந்துட்டான்னு சொல்றவங்க பேச்சை நம்பாதீங்க.

அப்புறம் ஒரு தலையணையும் பழைய துணியும் சேர்த்துக் கட்டி, அந்தச் சிவப்புப் பாவாடையை மேல சுத்தி, இடுப்புல வச்சுக்கிட்டு வெளிய வந்தா. பார்க்கிறவங்களுக்குப் பிள்ளை தூங்குற மாதிரி இருக்கும்.

"எங்கட்டி பிள்ளையைத் தூக்கிட்டு?"ன்னு மாடத்தி கேட்டா.

"தாயி வீட்டுக்கு."

பேராச்சிக்குத் தாயி வீடு ஆத்துக்கு அந்தப்பக்கம். உண்மையிலயே அங்க கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு நிறையப் பேரு கேட்டிருக்காங்க. புருசன் முதல்ல தேடி வர்ற இடம் அதுதானே. அவனை அந்தப்பக்கம் அலைய விட்டுட்டு, இவ அந்தக் கரைப் பனங்காட்டு வழியா சுத்தித் திரும்பி வந்து, பிள்ளையை எடுத்துக்கிட்டு மேற்கே அக்கா வீட்டுக்குப் போயிரலாம். அதுதான் அவ போட்ட கணக்கு. உச்சிப்பொழுதுக்குள்ள திரும்பிரலாம். நல்ல கணக்குத்தான். ஆறு மட்டும் அந்தக் கணக்குல இல்லை.

பாலம் வேலை நடக்கிற இடத்துக்குக் கீழே தள்ளி, யாரு கண்ணுலயும் படாம மணல்ல இறங்கி நடந்தா. கால் சுடலை, இன்னும் வெயில் ஏறலை. மேற்கே மலைப்பக்கம் கறுப்பா கிடந்துச்சு. அவ அதைப் பார்க்கலை. அந்தக் கரை ஏறி, பனங்காட்டுக்குப் பாதி தூரம் போனதும் பின்னால இரைச்சல் கேட்டுச்சாம். நூறு வண்டி ஒண்ணா வர்ற மாதிரி இரைச்சல். திரும்பிப் பார்த்தா. ஓடி வந்தா. கரைக்கு வந்து நிக்கும்போது மணலைக் காணோம். செவந்த தண்ணி கரையை முட்டிக்கிட்டுப் போகுது. முள்ளுச்செடி வேரோட போகுது. செத்த ஆடு போகுது.

இங்க என்ன நடந்துச்சு? பொழுது ஏறினதும் சங்கிலி வீட்டுக்கு வந்தான். தண்ணி வர்ற சத்தம் அப்போ ஊருக்குள்ள கேக்கலை.

"வடிவு! ஏ வடிவூ! யப்பா வந்திருக்கேன், வா தாயி!"

வீடு கம்முனு கிடந்துச்சு.

"வடிவூ! எங்க ஒளிஞ்சிருக்க? மஞ்சத்தண்ணி கரைச்சு வச்சிட்டாங்க, வா!"

பிள்ளை காதுல அது விழுந்துச்சா? விழுந்திருக்கும்னுதான் சொல்வாங்க. குலுக்கைக்கும் அவனுக்கும் கை நீட்டுற தூரம்தான். உள்ள இருந்தவ சொன்னாத்தானே தெரியும்.

அவன் திரும்பும்போது கண்ணுல பட்டுச்சு. குலுக்கைக் கீழ்வாயி திறந்து கிடக்கு. பஞ்ச காலத்துல எந்த வீட்டுலயும் அப்படித் திறந்து போட மாட்டாங்க. வந்தவன் போறவன் கண்ணுக்கு இந்த வீட்டுல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சிரும். மானம் போயிரும். காலிக் குலுக்கையையும் அடைச்சு வச்சாத்தான் குடும்பம். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் வச்சிருந்தாங்க. சங்கிலி அடைப்புத் துணியைத் தேடினான். காணோம். தோளுல கிடந்த துண்டுல ஒரு ஓரத்தைக் கிழிச்சான். சுருட்டினான். கீழ்வாயில வச்சு நல்லா அழுத்தினான். வெளிய வந்துட்டான்.

அவன் யோசிச்சுச் செய்யலை. கை செஞ்சுச்சு.

வெளிய மாடத்தி நின்னா. "உன் பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிட்டு ஆத்தைத் தாண்டிப் போயிட்டாளே"ன்னா. அவன் ஆத்தைப் பார்க்க ஓடினான். ஊரும் பின்னாலயே ஓடுச்சு.

இந்தக் கரையில இவங்க. அந்தக் கரையில பேராச்சி. நடுவுல தண்ணி. பேராச்சி இடுப்புல சிவப்புப் பாவாடை. சங்கிலி அதைப் பார்த்தான். அவனுக்கு நெஞ்சுல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேரும் அந்தப்பக்கம் பத்திரமா இருக்காங்க. கையைத் தூக்கி ஆட்டினான். "அங்கயே இரு! தண்ணி வடியட்டும்!"

பேராச்சி கத்துனா. "பிள்ளை குலுக்கைக்குள்ள! பிள்ளை குலுக்கைக்குள்ள!" தொண்டை கிழியக் கத்துனா. தண்ணி இரைச்சல்ல ஒரு சொல்லும் இந்தக் கரைக்கு வந்து சேரலை. அவ வாயி அசையுறது மட்டும்தான் தெரிஞ்சுச்சு.

"பயந்து போயிட்டா பாவம்"னு ஒருத்தன் சொன்னான்.

எல்லாரும் உக்காந்துட்டாங்க. யாருக்கும் அவசரமில்லை. எதுக்கு அவசரம்? தாயும் பிள்ளையும் கண்ணு முன்னாடி நிக்காங்க. பேராச்சிக்குப் புரிஞ்சு போச்சு. இடுப்புல இருக்கிறதைப் பிள்ளைன்னு இவங்க நினைக்காங்க. இது பிள்ளை இல்லைன்னு காட்டணும். எப்படிக் காட்ட? இடுப்புல இருந்ததை எடுத்தா. ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிக் காட்டினா. வீசினா.

சிவப்புப் பாவாடை ஆத்துல விழுந்துச்சு.

இந்தக் கரையில எந்திரிச்ச அலறல் அந்தக் கரைக்குக் கேட்டுச்சாம். அவ கத்துனது இவங்களுக்குக் கேக்கலை. இவங்க கத்துனது அவளுக்குக் கேட்டுச்சு. சங்கிலி நின்ன இடத்துல இருந்து அப்படியே பாய்ஞ்சுட்டான். தண்ணி அவனைத் துரும்பு மாதிரி சுருட்டுச்சு. சிவப்பு முன்னால போகுது, அவன் பின்னால போறான். மேஸ்திரி கல்லு இழுக்கிற வடத்தை எடுத்துக்கிட்டுக் கரையோட ஓடினாரு. ஆளுங்க ஓடினாங்க. சங்கிலியை வெளிய இழுத்துப் போடுறதுக்குள்ள பொழுது உச்சி திரும்பிருச்சு. வாயிலயும் மூக்குலயும் செம்மண்ணு. கையில கொஞ்சம் சிவப்புத் துணி. அதை விட மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டு இருந்தானாம்.

கரையில நின்ன பொம்பளைங்க மண்ணை வாரித் தூத்துனாங்க. "பெத்த பிள்ளையை ஆத்துல எறிஞ்ச பாவி, நீ நல்லா இருப்பியா!"

அந்தக் கரையில பேராச்சி என்னென்னமோ செஞ்சு காட்டினா. குந்தி உக்காந்தா. முழங்காலைக் கட்டிக்கிட்டா. தலைக்கு மேல கையை மூடி மாதிரி கவுத்துனா. ஊருப் பக்கம் கையை நீட்டுனா. மறுபடி குந்தினா. மறுபடி கவுத்துனா. மறுபடி நீட்டுனா.

"பேய் பிடிச்சிருச்சு அவளுக்கு"ன்னா மாடத்தி.

செவக்காட்டாறு வந்த மாதிரியே போற ஆறு. பொழுது சாயத் தொடங்குனதும் தண்ணி இறங்குச்சு. நெஞ்சு மட்டம் வர்ற வரைக்கும் பேராச்சி பொறுக்கலை. கழுத்தளவு தண்ணியிலயே இறங்கிட்டா. தண்ணி அவளைக் கீழே கொண்டு போயி ஒதுக்குச்சு. முள்ளுல கிழிபட்டு ஏறி வந்தா. சனம் சுத்தி நின்னுக்கிடுச்சு. ஒருத்தி முடியைப் பிடிச்சா. சங்கிலி எந்திரிச்சு வந்தான். கையை ஓங்கினான்.

"பிள்ளை குலுக்கைக்குள்ள இருக்கு"ன்னு பேராச்சி சொன்னா. தொண்டையில சத்தமே இல்லை. காத்துதான் வந்துச்சு. "குலுக்கைக்குள்ள வச்சிட்டு வந்தேன். காத்துக்கு வாயைத் திறந்து வச்சிட்டு வந்தேன்."

எல்லாரும் ஊரைப் பார்த்துத் திரும்பினாங்க. சங்கிலி மட்டும் திரும்பலை. ஓங்கின கை மெல்ல இறங்குச்சாம். இறங்கி, தோளுல கிடந்த ஈரத் துண்டுக்குப் போச்சாம். கிழிஞ்ச ஓரத்தைத் தடவுச்சாம். பேராச்சி அதைப் பார்த்தா. எதுக்குத் தடவுறான்னு அப்போ அவளுக்குத் தெரியலை.

அவ ஓடினா. வீட்டுக்குள்ள வந்ததும் அவ கண்ணு முதல்ல கீழ்வாயிக்குத்தான் போச்சு. புருசன் துண்டு.

மூடியைப் பேத்து எறிஞ்சா. வடிவு அப்படியே உக்காந்திருந்துச்சு. முழங்காலைக் கட்டிக்கிட்டு, தலையைச் சுவருல சாய்ச்சு, தூங்குற மாதிரி. மூச்சு முட்டினா சத்தம் போட்டிருக்காதான்னு கேப்பீங்க. காத்து கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா தூக்கம்தான் வருமாம். வலிக்காதாம். அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்க. அதை நம்பித்தானே ஆகணும்.

பேராச்சி கையை உள்ள விட்டா. மூக்கைத் தொட்டா.

"வடிவு. யம்மாதான்டி. இப்பப் பேசலாம். பேசு தாயி. நான்தான். இந்தா பாரு, மூக்கைத் தொட்டுட்டேன். பேசு."

சொன்ன பேச்சு தட்டாத பிள்ளை, அன்னைக்கு ஒரு நாளுதான் தட்டிருச்சு.

பேராச்சி புருசனை ஒரு வார்த்தை கேக்கலை. சங்கிலி அவளை ஒரு வார்த்தை கேக்கலை. மேலே மூடினது ஒரு கை, கீழே அடைச்சது ஒரு கை. யாரு யாரைக் கேக்க?

மேஸ்திரி குமாரவேலு வேலையை நிப்பாட்டிட்டாரு. கரைச்சு வச்ச மஞ்சத்தண்ணியை ஆத்துல ஊத்திட்டு, சட்டி சாமானைக் கட்டினாரு. "இந்த இடத்துல நான் கட்ட மாட்டேன். தடத்தை வேற பக்கம் திருப்பிக்கிடட்டும்"னாரு. ஊருல வேற பேச்சு ஓடுச்சு. "பார்த்தீங்களா, பாலம் கேட்டதை வாங்கிருச்சு. இனிமே தூணு நிக்கும்"னு. மாடத்தி மட்டும் அந்தப் பேச்சுல சேரலை. அவ அதுக்கப்புறம் ரொம்ப நாளு யாருகிட்டயும் எதையும் சொல்லலையாம்.

சடங்கெல்லாம் முடிஞ்சதும் பேராச்சி ஆத்தங்கரைக்கு வந்தா. மேஸ்திரி எந்திரிச்சு நின்னாரு.

"அண்ணாச்சி, பாலத்தைக் கட்டுங்க."

"எப்படிம்மா கட்டச் சொல்லுத? எந்தக் கையோட கட்ட?"

"இது முதல்லயே இருந்திருந்தா நான் ஓடி வந்திருப்பேன் அண்ணாச்சி. மூடியைத் திறந்திருப்பேன்."

மேஸ்திரி கட்டி வச்ச சாமானைப் பிரிக்க ஆரம்பிச்சாரு. சுத்தி நின்ன சனத்துல ஒரு பெரியவரு, ஆறுதலா சொல்றதா நினைச்சுக்கிட்டு, "விடு தாயி, பாலம் கேட்டுச்சு, போயிருச்சு"ன்னாரு. பேராச்சி அவரைத் திரும்பிப் பார்த்தா.

"பாலம் கேக்கலை ஐயா. கல்லுக்கு வாயி ஏது? நாமதான் அது கேக்குதுன்னு சொன்னோம். நாமளே குடுத்தோம்."

அவளே கூடையை எடுத்துத் தலையில வச்சா. கல்லு சுமந்தா. பாலம் முடியுற வரைக்கும் சுமந்தா. முதல் கல்லுக்கு மஞ்சத்தண்ணி தெளிக்கலை, யாரும் புதுத்துணி கட்டலை. இந்தத் தடவை குழியை மணலுக்குக் கீழே பாறை தட்டுற வரைக்கும் தோண்டினாங்க. தூணு நின்னுச்சு. பாறையில நின்னுச்சு, வேற எதுலயும் நிக்கலை.

பாலம் முடிஞ்சதும் ரோடு கிழக்கே போச்சு. சங்கிலியும் ரோட்டோடயே போயிட்டான். உப்பளம் வரைக்கும் போட்டு முடிச்சான்னு சொல்வாங்க. கடைசிக் கல்லை வச்சுட்டு கடலைப் பார்த்து உக்காந்திருந்தான்னு ஒரு பேச்சு உண்டு. அங்கயே உப்பு வாரிப் பிழைச்சான்னு ஒரு பேச்சு உண்டு. எது நிசம்னு தெரியாது. திரும்பி வரலைங்கிறது மட்டும் நிசம்.

பேராச்சி பாலத்தை விட்டுப் போகலை. ஒரு வண்டி வரும். வண்டிக்குள்ள பிள்ளை இருக்கும். பேராச்சி குறுக்க வந்து மாட்டைப் பிடிச்சுக்கிடுவா.

"பிள்ளை இருக்கா?"

"இருக்கு தாயி."

"கூப்பிடு."

"தூங்குது."

"எழுப்பு. பேரைச் சொல்லிக் கூப்பிடு. அது பேசட்டும். அப்புறம் போ."

தாயி கூப்பிடுவா. பிள்ளை கண்ணைக் கசக்கிக்கிட்டு, "இந்தா இருக்கேன்"னு சொல்லும். அதைக் கேட்டதும் பேராச்சி மாட்டை விட்டுருவா. ஒரு வண்டிக்காரன் கோவப்பட்டு, "கிறுக்கி, வழி விடு"ன்னு சாட்டையை எடுத்தானாம். வண்டிக்குள்ள இருந்த அவன் பொண்டாட்டி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டாளாம். கதை அவளுக்குத் தெரியும். அந்தத் தடத்துல போற எல்லாப் பொம்பளைக்கும் அப்போ தெரிஞ்சிருந்துச்சு.

பேராச்சி செத்ததுக்கு அப்புறமும் அது நிக்கலை. குருவிச்சான்பட்டியில குலுக்கை இருந்த காலம் வரைக்கும் கீழ்வாயை யாரும் அடைக்கலை. எலி தின்னா தின்னுட்டுப் போகுதுன்னு விட்டாங்க. ரோட்டுல கப்பி போயி தார் வந்துச்சு. மாநில நெடுஞ்சாலைன்னு நம்பரு வந்துச்சு, பச்சைத் தலை வச்ச கிலோமீட்டர் கல்லு வந்துச்சு. பழைய பாலம் குறுகலா இருக்குன்னு அதை ஒட்டியே அகலமா புதுப்பாலம் கட்டினாங்க. அதுல எழுதியிருக்கிறது ஒரு எண்ணு மட்டும்தான். ஆனா எந்தக் கண்டக்டரும் அந்த எண்ணைச் சொன்னதில்லை. "வடிவு பாலம் இறங்கு, வடிவு பாலம் இறங்கு"ம்பாங்க.

பாலத்துல ஏறும்போது டிரைவர் வண்டியை மெதுவா விடுவாரு. பொம்பளைங்க மடியில இருக்கிற பிள்ளையைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. பிள்ளைங்க "இந்தா இருக்கேன், இந்தா இருக்கேன்"னு பஸ்ஸு முழுக்கச் சத்தம் போடும். பேச்சு வராத கைப்பிள்ளைன்னா கால்ல லேசா கிள்ளி ஒரு சிணுங்கலாவது கேட்டுக்கிடுவாங்க. வெளியூர்க்காரங்க முழிப்பாங்க. முழிக்கட்டும்.

பிள்ளை யாரும் இல்லாத வண்டியும் போகுமில்லையா? உப்பு லாரி போகும், ஒத்தை ஆளா மோட்டார் சைக்கிள்ல போவாங்க. அவங்களும் பாலத்து நடுவுல வந்ததும் வேகத்தைக் குறைச்சு, "வடிவூ"ன்னு ஒரு தடவை கூப்பிடணும். கூப்பிட்டுட்டு, ஒரு மூச்சு விடுற நேரம் பொறுக்கணும். அதுக்கு வேற யாரும் பதில் சொல்லக் கூடாது. அப்புறம் போகலாம்.